ஆணிக்காரர் வீடு: அத்தை டப்பா

வாசலில் கல் நிற்கிறது. கல்லுக்குப் பக்கத்தில் கல்வெட்டுக்காரர் நிற்கிறார். உளியை ஓங்கிய மனிதரைப் போன வாரம் "கொஞ்சம் பொறுங்க" என்று நிறுத்தி வைத்தது யார் என்று உங்களுக்கு நினைவிருக்கும். நம் கேள்விக்குறிதான்.

இடையில் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். இது ஆணி செய்கிற குடும்பம். தாத்தா ஒற்றை மெஷினோடு ஆரம்பித்தார். இன்று கொட்டகைக்கு மேல் கொட்டகையாக வளர்ந்து நிற்கிறது. தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய மகன்தான் இப்போது முதலாளி. முதலாளிக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் பேச ஆரம்பித்த நாளிலிருந்து "ஏன்" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் கேள்விக்குறி. மகன் எவ்வளவு வளர்ந்தாலும் சின்னவன்.

புது வாசலில் கம்பெனியின் வரலாற்றைக் கல்லில் பொறித்து வைக்க வேண்டும் என்பது முதலாளியின் நெடுநாள் ஆசை. மற்ற வரியெல்லாம் பொறித்தாகிவிட்டது. கடைசி வரியில்தான் வண்டி நின்றது. அது மச்சத்தைப் பற்றிய வரி.

இந்தக் கம்பெனி ஆணி ஒன்றை எடுத்து அதன் தலையைக் கட்டை விரலால் தடவிப் பாருங்கள். நடுவில் கடுகளவு ஒரு புடைப்பு தட்டுப்படும். அதுதான் மச்சம். கடையில் யாரும் கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "மச்ச ஆணி குடுங்க" என்பார்கள். தச்சர்கள் பைக்குள் கையை விட்டுப் பார்க்காமலேயே இந்த ஆணியைப் பொறுக்கி எடுத்துவிடுவார்கள்.

'மச்சம்: தரத்தின் அடையாளமாக நிறுவனர் தம் கையால் பொறித்த முத்திரை.' இது முதலாளி கல்லுக்காக எழுதிக் கொடுத்தது.

வீட்டுக்குள் புழங்குகிற கதை வேறு. முதலாளிக்கு ஓர் அக்கா உண்டு. கல்யாணத்துக்கு முன்பு தாத்தாவின் அந்த முதல் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். ஒருநாள் கவனம் இல்லாமல் எதையோ தவறவிட்டு மெஷினில் ஆணித் தலையை அடிக்கிற 'பஞ்ச்' என்ற அச்சைக் கெடுத்துவிட்டார். அதில் அடித்த ஆணிக்கெல்லாம் மச்சம் முளைத்தது. வேறு வழியில்லாமல் தாத்தா அதையே அனுப்பி வைக்க, வாங்கினவர்கள் திரும்பி வந்து அதையே கேட்டார்கள். அதிர்ஷ்டம் தாத்தாவுக்கு, கெட்ட பெயர் மகளுக்கு. மகளை மெஷினை விட்டு இறக்கி, பின்னால் தம்பியை அந்த இடத்தில் நிறுத்தினார்.

கெட்ட பெயர் என்றால் சாதாரணக் கெட்ட பெயர் இல்லை. கொட்டகையில் யார் கையிலிருந்து எது விழுந்தாலும் "அக்கா கை" என்று சொல்வது முதலாளிக்குப் பழக்கம். பிள்ளைகள் வாயில் அது "அத்தை கை" ஆயிற்று. தலை இல்லாத ஆணி, கூர் மழுங்கிய ஆணி, கோணல் ஆணி எல்லாவற்றையும் கொட்டி வைக்கிற தகரப் பெட்டிக்கு "அத்தை டப்பா" என்று பெயர். அது சின்னவன் பால்பல் வயதில் வைத்த பெயர். ஒட்டினது ஒட்டினதுதான். அத்தையை ஒருநாளும் பார்த்திராத ஆட்கள்கூட இன்று "அதைத் தூக்கி அத்தையில போடு" என்கிறார்கள்.

கல்லில் இருப்பது நிஜமா, வீட்டில் பேசுவது நிஜமா? கேள்விக்குறிக்குத் தூக்கம் போயிற்று. அத்தைக்கே போன் போட்டுக் கேட்டாள். அத்தை சிரித்தார். "நேர்லயே வந்து சொல்றேன்டி" என்று வைத்துவிட்டார். கல்யாணம் என்றால் வருவார், சாவு என்றால் வருவார், தொழிற்சாலை வாசலை மட்டும் அத்தனை வருஷமாக மிதிக்காத அத்தை இன்று வருகிறார்.

*

அவர் வருவதற்கு முன்பே கேள்விக்குறி அச்சுகளைப் பழுது பார்க்கிற டை ரூமில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்து வாசலில் காட்சிக்கு நிறுத்துவதற்காக முதல் மெஷினிலிருந்து கழற்றிய பழைய பஞ்ச் அவள் உள்ளங்கையில் இருந்தது.

ஆணி பிறக்கிற விதம் ரொம்பச் சுலபம். சுருளிலிருந்து கம்பி வரும். இரண்டு தாடைகள் அதைக் கவ்விப் பிடிக்கும். பஞ்ச் ஓங்கி ஒரு அடி அடித்தால் கம்பியின் நுனி பரந்து தலையாகும். பின்னால் கத்தி கம்பியைக் கூர்முனையாக வெட்டித் தள்ளிவிடும். பஞ்சின் முகத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் ஆணியின் தலையில் விழும். பஞ்சில் குழி இருந்தால் ஆணியில் மேடு.

"என்னக்கா, பூதக்கண்ணாடி வச்சுப் பேன் பாக்குறியா?" என்று சின்னவன் உள்ளே வந்தான்.

"இங்க வா. குழி எங்க இருக்கு?"

"நடுவுல."

"நட்ட நடுவுல. கை தவறி விழுந்த சாமான் இவ்வளவு சரியா நடுவுலயா விழும்?"

"குருட்டாம்போக்குல எறிஞ்ச கல்லும் ஒரு தடவை மாங்காய்ல படும்."

"சரி, பட்டுச்சுன்னே வச்சுப்போம். அந்த அரத்தை எடு. ஓரத்துல தேய்ச்சுப் பாரு."

சின்னவன் தேய்த்தான். அரம் கண்ணாடிமேல் வழுக்குவதுபோல வழுக்கிக்கொண்டு போயிற்று. பஞ்ச் அவ்வளவு கெட்டி.

"போன மாசம் உன் கையிலேருந்து ஸ்பானர் விழுந்துச்சே ஒரு பஞ்ச் மேல. என்ன ஆச்சு?"

"அதை இன்னும் மறக்கலையா நீ? சில்லு பேந்துச்சு."

"குழி விழுந்துச்சா?"

பூதக்கண்ணாடியைச் சின்னவனே வாங்கிப் பார்த்தான். குழியைச் சுற்றி ஒரு விரிசல் இல்லை, ஒரு சில்லு இல்லை. வழவழவென்று அழகாக இருந்தது.

"இது கெட்டியா இருக்கும்போது விழுந்த குழி இல்லடா. யாரோ இதை நெருப்புல வச்சு, கெட்டி குறையறதுக்குப் பதம் இறக்கி, நடுப்பாத்துக் குத்தி, மறுபடி பதம் ஏத்தியிருக்காங்க. தவறு இல்ல. இது வேலை."

"அப்ப தாத்தாதான். கல்லுல அப்பா எழுதினது சரியாப் போச்சு. போய்ச் சொல்லு, பாவம் அந்த மனுஷன் உளியைப் பிடிச்சுட்டே நிக்கறாரு."

"தாத்தா செஞ்சதுன்னா அத்தை மேல ஏன்டா பழி?"

சின்னவன் அரத்தை மேசையில் வைத்தான். பதில் கிடைக்காவிட்டால் கேள்விக்குறி நகத்தைக் கடிப்பாள். இன்று கடிக்க நகமும் மிச்சமில்லை.

*

வாசலில் முதலாளி கொதித்துக்கொண்டிருந்தார்.

"உலகத்துல எல்லாரும் கல்லுல என்ன எழுதலாம்னு யோசிப்பாங்க. எனக்குப் பொறந்தது எழுத வேணாம்னு யோசிக்குது."

"தப்பா எழுதிட்டா அழிக்க முடியாதேப்பா," என்றாள் கேள்விக்குறி.

"அழிக்கலாம்மா," என்றார் கல்வெட்டுக்காரர். "பள்ளமாயிடும். அவ்வளவுதான்."

"நீங்க வேற சும்மா இருங்க" என்று முதலாளி அவர்மேல் பாய்வதற்கும் ஒரு வண்டி வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

அத்தை இறங்கினார். தான் நடத்துகிற தையல்கடையிலிருந்து நேராகப் புறப்பட்டு வந்திருக்கிறார். அளவு நாடா இன்னும் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கல்லைப் பார்த்தார், கட்டிடத்தைப் பார்த்தார், கடைசியாகத் தம்பியைப் பார்த்தார்.

"என்னடா தம்பி, தலைமுடியெல்லாம் எங்க?"

"நீ இந்தப் பக்கம் வரதுக்குள்ள கொட்டிப் போச்சுக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். ஆனால் அக்காவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக வேண்டியவர், "உள்ள ஒரே தூசி, ஆபீஸ்லயே உக்காந்துக்கலாமே" என்று வழியை மறித்தாற்போல் நின்றார். கேள்விக்குறி அதைக் கவனித்தாள்.

"தூசி எனக்குப் புதுசா?" என்று அத்தை நேராகக் கொட்டகைக்குள் நடந்தார்.

உள்ளே காது கிழிகிற சத்தம். வரிசை வரிசையாக மெஷின்கள் ஆணியைக் கொட்டிக்கொண்டிருந்தன. மூலையில், வாசல் காட்சிக்குப் போகக் காத்திருந்த பழைய மெஷின் மட்டும் சும்மா நின்றது. அத்தை ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டே போனார். சத்தத்தை வைத்தே எது நன்றாக ஓடுகிறது, எது மக்கர் பண்ணுகிறது என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

அப்போதுதான் ஓர் ஆள் இன்னோர் ஆளைப் பார்த்துக் கத்தினான். "கோணல் எல்லாத்தையும் பொறுக்கி அத்தையில போடு!"

அத்தை நின்றார். "எந்த அத்தையில?"

அவனுக்கு இவர் யாரென்று தெரியாது. பாவம், பல்லைக் காட்டிக்கொண்டு சுவரோரத் தகரப் பெட்டியைக் கை காட்டினான். பெட்டியின் நெற்றியில் வெள்ளைப் பெயிண்டில் 'அத்தை' என்று எழுதியிருந்தது. யாரோ அக்கறையாகச் சுற்றிலும் கட்டம் வேறு போட்டிருந்தார்கள்.

அத்தை அதை ஒருமுறை படித்தார். குனிந்து ஒரு கோணல் ஆணியை எடுத்து, திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி பெட்டியிலேயே போட்டார்.

"பரவாயில்லையே. எனக்குன்னு ஒரு டப்பா வச்சிருக்கீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கேள்விக்குறிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் இந்தப் பெயரைத் தானும்தானே வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அவமானமாக இருந்தது. சின்னவன் கூரையில் ஏதோ இருப்பதுபோல் மேலே பார்த்தான்.

*

டை ரூமுக்குள் கதவைச் சாத்தியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. நாலு பேர்தான். முதலாளி கதவோரமாகவே நின்றுகொண்டார். கேள்விக்குறி சுற்றி வளைக்கவில்லை. பஞ்சை அத்தை கையில் கொடுத்தாள்.

அத்தை அதைப் பார்க்கக்கூட இல்லை. கட்டை விரலைக் குழியில் வைத்து ஒருமுறை சுழற்றினார்.

"நான்தான்," என்றார். "கை தவறி இல்ல. வேணும்னே குத்தினேன்."

"வேணும்னேவா?" என்றான் சின்னவன்.

"காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஆணி கொட்டும். பெட்டிக்குப் போகும். வண்டி ஏறும். அவ்வளவுதான், அதுக்கப்புறம் எங்க போகுதுன்னே எனக்குத் தெரியாது. கதவா ஆச்சா, நாற்காலியா ஆச்சா, யாராவது அதுல சட்டை மாட்டறாங்களா? கேட்டா, 'உனக்கெதுக்கு அதெல்லாம்'னுவார் அப்பா. நாம செஞ்சதை நாமளே பாத்தா அடையாளம் தெரியலையேன்னு எனக்கு ஒரே குடைச்சல். அதான் ஒரு மச்சம் வச்சேன்."

கேள்விக்குறி அத்தையின் பக்கத்தில் நெருங்கி நின்றாள். இந்த வீட்டில் தனக்கு மட்டும்தான் இந்தக் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி அத்தை பதம் இறக்கினீங்க?"

"சமையலறை அடுப்புலதான். செக்கச் செவேல்னு காய வச்சு, சாம்பல்ல புதைச்சு ஆற விட்டேன். குத்தினேன். மறுபடி காய வச்சு எண்ணெயில முக்கினேன். எண்ணெய் புகைஞ்சு வீடே இருமுச்சு. அம்மா என்னவோ தீஞ்சு போச்சுன்னு நினைச்சாங்க."

"அப்புறம் கண்டுபிடிச்சீங்களா? உங்க ஆணியை?"

அத்தையின் முகம் மாறியது. "பெஞ்சு, கதவு, கடைப் பலகை, எதைப் பாத்தாலும் கையை விட்டுத் தடவுவேன். ஒண்ணும் கிடைக்கல. கல்யாணமாகிப் போன முதல் நாள், அந்த வீட்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. கட்டில்ல உக்காந்து, என்ன பண்றதுன்னு தெரியாம சட்டத்துக்கு அடியில கையை விட்டேன். கட்டை விரல்ல தட்டுச்சு. என்னோடது. அப்படியே அழுதுட்டேன். உங்க மாமா பயந்து போய், 'வேணும்னா நான் வெளிய படுத்துக்கறேன்'னுட்டார்."

சின்னவன் சிரித்துவிட்டான். கேள்விக்குறி மூக்கை உறிஞ்சினாள்.

"அப்ப ஏன் அத்தை தவறி விழுந்துச்சுன்னு சொன்னீங்க?"

"அப்பா பஞ்சைக் கையில வச்சுட்டு நின்னார். பயந்துட்டேன். வேணும்னே கெடுத்தேன்னு சொன்னா தோலை உரிச்சுடுவார்னு, வாயில வந்ததைச் சொன்னேன். அவரும் நம்பிட்டார். 'கவனம் இல்லாத கை மெஷின்கிட்ட வரக்கூடாது'ன்னார். சரி, பொய் சொன்னோம், அதுக்கு இதுதான் தண்டனைன்னு வாயை மூடிட்டேன்." அத்தை பஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டார். "அவர் கண்ணை மூடற வரைக்கும் நிஜத்தைச் சொல்லல. பெத்த அப்பனை ஏமாத்திட்டோமேன்னு உறுத்தல். அந்த உறுத்தல்லதான் இந்த வாசலையே நான் மிதிக்கல."

இங்கே சின்னவன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் அவன் வாய்க்கும் மூளைக்கும் என்றைக்கும் ஏழாம் பொருத்தம்.

"என்னத்தை நீங்க! எங்களுக்கே காலையில அரத்தை ஒரு தேய் தேய்ச்சதும் தெரிஞ்சு போச்சு. கெட்டியான பஞ்ச்ல எது விழுந்தாலும் சில்லுதான் பேரும், குழி விழாது. தாத்தாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?"

அத்தை முதல்முறையாகக் குனிந்து பஞ்சைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஆணி செய்கிற வீட்டில் பிறந்தவருக்கு இந்தக் கணக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். பொய் சொன்னவருக்கு, பொய் பலித்துவிட்டதே என்கிற நிம்மதிதான் முதலில் வரும். ஏன் பலித்தது என்று யாரும் கிளறிப் பார்ப்பதில்லை.

"குழி விழாது," என்றார் அத்தை மெதுவாக. "ஆமா. விழவே விழாது. சாணை பிடிக்கிற தீப்பொறியைப் பாத்தே எஃகு ரகம் சொல்றவரு அவரு. அவருக்கா தெரியாது?"

திரும்பித் தம்பியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமாடா?"

முதலாளிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இந்த நாளுக்குப் பயந்துதான் கல்லில் அவசர அவசரமாக வரியைப் பொறிக்கப் பார்த்தார் என்பது கேள்விக்குறிக்கு அப்போதுதான் புரிந்தது.

"மெஷினை என் கையில குடுக்கும்போது அப்பா சொன்னாருக்கா."

"என்னன்னு?"

"வேணாம்க்கா."

"சொல்லுடா."

"'உங்க அக்கா பஞ்சைப் பதம் இறக்கி ஏத்தற அளவுக்குத் தேறிட்டா. இன்னும் கொஞ்ச நாள் விட்டா மெஷின் அவளுதாயிடும். அப்புறம் உனக்கு இங்க வேலை இல்ல'ன்னார்."

"அப்ப 'அக்கா கை', 'அக்கா கை'ன்னு நீ சொல்லிட்டுத் திரிஞ்சது?"

முதலாளி கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அப்படிச் சொல்லச் சொல்ல, நான் இங்க நிக்கறது நியாயம்னு இருந்துச்சு. எனக்கு அது வசதியா இருந்துச்சுக்கா."

கேள்விக்குறிக்கு அப்பாமேல் கோபம் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரியாமல் தவித்தாள்.

அத்தை அழவில்லை. "நான் அவரை ஏமாத்திட்டேன்னு கூனிக் குறுகி நாளைத் தள்ளினேன்," என்றார். "அவர் என்னை ஏமாத்திட்டு நிம்மதியாப் போய்ச் சேர்ந்துட்டார். நல்லா இருக்குடா இந்த வீட்டு நியாயம்."

"அத்தை, கல்லுல உங்க பேரைப் போடலாம்," என்றாள் கேள்விக்குறி. "அந்த வரி இன்னும் காலியாத்தான் இருக்கு."

"போடலாம்க்கா," என்றார் முதலாளி அவசரமாக. "நானே போய்ச் சொல்றேன். பெரிய எழுத்துலயே போடச் சொல்றேன்."

"கல்லுல பேர் போடறது போய்ச் சேர்ந்தவங்களுக்குடா. நான் இன்னும் போகல."

அத்தை கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவிச் சுருட்டிப் பைக்குள் போட்டார். பஞ்சை மட்டும் மேசையில் வைக்கவில்லை.

"காலையில மெஷின் எத்தனை மணிக்கு ஓட ஆரம்பிக்குது?"

கேள்விக்குறிக்குப் பதில் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது தான் இல்லை என்று, வாழ்க்கையில் முதல்முறையாக வாயை இறுக மூடிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"ஏழு மணிக்கு," என்றார் முதலாளி. கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டார். "எந்த மெஷின்க்கா?"

"என்னோடது."